ஆளுக்கொரு வாளி

குன்னூர்க் கடைக்காரர் சத்தியம் செய்தார்:
"ரெண்டும் பொண்ணுதான்க்கா,
ஒண்ணுக்கொண்ணு துணையாக் கிடக்கும்."
கோத்தகிரிப் பேருந்தில்
நிரோஷன் மடியில் ஷூ டப்பா.
தவிட்டு முதுகு, வெள்ளை வயிறு,
ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஹாம்ஸ்டர்.

மூன்றாம் நாளே ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது.

"இது தனிக்கட்டைம்மா.
ஒரு கூண்டுல ஒண்ணுதான் இருக்கணுமாம்."
சிரித்துவிட்டேன்.
தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பத்துக்கு
ஒதுக்கித் தந்த ஒரே அறை.
நடுவில் ஒரு சேலை.
சேலைக்கு இந்தப் பக்கம் நானும் இவரும்.
அந்தப் பக்கம் கொழுந்தன், பிள்ளைகள் இருவர்,
இருமிக்கொண்டு மாமனார்
(என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அவரேதான்).
இதில் எலிக்கு ஆளுக்கொரு வீடு!

ஆனாலும் செய்தேன்.
பெயின்ட் வாளி இரண்டைக் கழுவி
ஆணியைச் சுட்டு மூடியில் துளையிட்டு
தர்ஷிகாவின் முடிந்த நோட்டுகளைக் கிழித்து மெத்தை போட்டேன்.
பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல்
தனித்தனியே தூங்கின.

ஜனவரியில் உறைபனி விழுந்த ராத்திரி
எனக்கு நைட் ஷிப்ட்.
வாடல் தொட்டியில் கொழுந்தைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
பிள்ளைகள் இரக்கப்பட்டிருக்கிறார்கள்:
சேர்ந்து படுத்தால் குளிராதே.
காலையில் வாளியடியில் கொஞ்சம் ரோமம்,
கொஞ்சம் ரத்தம்.
மறுபடி பிரித்தேன். ஒரே ஒரு ராத்திரிதானே.

பதினாறாம் நாள்
ஒன்பது நிலக்கடலைப் பருப்பு,
சிவப்புத் தோலோடு,
மூச்சு விட்டுக்கொண்டு.

தர்ஷிகா ஒன்றை விரலால் தடவினாள்.
அடுத்த நாள் எண்ணினால் ஏழு.
தாயின் வாயோரம் ஈரம்.
எங்கே என்று அவள் கேட்டதற்கு
காதுமிஷின் பேட்டரி தீர்ந்துவிட்டதா பார் என்றேன்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் போஜராஜ்
தோள்வரை கையைப் பசுவுக்குள் விட்டிருந்தார்.
திரும்பாமலே சொன்னார்:
"தொடாதீங்க. ரெண்டு வாரம் வாளியை அசைக்கவே வேண்டாம்.
காது கிழிஞ்சதுதான் ஆண், அதைப் பக்கத்துல விடாதீங்க,
அன்னைக்கே மறுபடி சினையாயிடும்.
நாலாவது வாரத்துக்குள்ள
குட்டிங்கள்ல ஆண் வேற பொண்ணு வேற.
அப்புறம் ஒவ்வொண்ணும் தனி."
பிறகு, கையை உருவிக்கொண்டே,
"அண்ணன் தங்கச்சியா? ரத்தம் ஒண்ணாச்சே.
ஏதாவது ஒண்ணு குறையோட வரும்."

தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள் நான்.
இறக்கம் முழுக்க நடந்தே வந்தேன்.
தேயிலைக்கு நடுவே ஒரு காட்டெருமை நின்றது,
அதற்கு வழிவிடவும் தோன்றவில்லை.

பதினாலாம் நாள் ஆறு குட்டிகள் கண் விழித்தன.
ஏழாவது தூய வெள்ளை.
கண் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் ரோமம்,
பொத்தான் தைக்க மறந்த சட்டை மாதிரி.
"இது எப்பம்மா தொறக்கும்?"
திறக்காது என்றேன்.
தர்ஷிகா தலையாட்டினாள்,
பேட்டரி புதிதுதான்.

அப்புறம் வீடு தேடும் படலம்.
பேக்கிங் செக்‌ஷனில் இரண்டு தகரம் கிடைத்தது.
வாட்ச்மேன் மாதையா ஒன்றை எடுத்துக்கொண்டார்.
கணக்கு டீச்சர் இரண்டு கேட்டார், இரண்டு கூண்டு வாங்கினபின் கொடுத்தேன்.
மற்றதும் போயின.
ஒவ்வொருவரிடமும் கையடித்து வாங்கினேன்:
ஜோடி சேர்க்க மாட்டேன்.
குன்னூர்க் கடைக்காரர் மட்டும் சிரித்தார்:
"குட்டியில யாருக்குக்கா தெரியும்?"

வெள்ளையை யாரும் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.
மூன்றாவது வாளி அதற்கு.
சுவரை மீசையால் அளந்து அளந்து
வீட்டை முழுசாகத் தெரிந்துவைத்திருக்கிறது.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து
எல்லாருடைய கால்களையும் தாண்டி
மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன்.
ஒரு வீடு முழுக்க
ஒருத்தி மட்டும் தூங்குகிறாள்,
கையைக் காலை விரித்துக்கொண்டு.